ஐம்பது சதவீத ஓய்வூதியம்: மேடையில் சொல்வதும் விதியில் இருப்பதும்

ஓய்வூதியம் பற்றிப் பேசும் வேட்பாளர்கள் எல்லாரும் இப்போது ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள்: ஐம்பது சதவீதம். பழைய ஓய்வூதியத்தை மீட்டுத் தருவேன் என்கிறார் ஒருவர். மத்திய அரசின் ஒருங்கிணைந்த திட்டம் இருக்கும்போது பழையது எதற்கு என்கிறார் இன்னொருவர். மாநில அரசே தனித் திட்டம் அறிவித்திருக்கிறதே என்பார் மூன்றாமவர். கேட்பவர் காதில் மூன்றும் ‘சம்பளத்தில் பாதி’ என்றுதான் விழும். எந்தச் சம்பளத்தில் பாதி, எத்தனை ஆண்டு வேலைக்குப் பாதி, பணியாளர் இறந்தபின் வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். கட்சிக் கொடியைக் கழற்றிவிட்டு, திட்டத்தை மட்டும் கையில் எடுத்துப் பார்க்கும் விமர்சனம் இது. அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போவது யு.பி.எஸ். என்கிற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்தான். சிக்கல் அதிகம் அதில்தான்.

முதலில் அளவுகோல். 2004 ஜனவரி 1-க்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய திட்டம். பணியாளர் ஓய்வூதியத்துக்கென்று ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. பத்தாண்டு தகுதிப் பணி இருந்து வயது முதிர்வில் ஓய்வு பெற்றால், கடைசி ஊதியம் அல்லது கடைசிப் பத்து மாதச் சராசரி, இதில் எது அதிகமோ அதில் பாதி. மேலே அகவிலை நிவாரணம். அதில் 40 சதவீதம்வரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். பிடித்த அந்தப் பங்கு 15 ஆண்டுகளில் திரும்பிவிடும். ஊதியக் குழு வரும்போது ஓய்வூதியமும் திருத்தப்படும். 80 வயதில் 20 சதவீதம் கூடுதல், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதைத் தொட்டால் இரட்டிப்பு. மனைவி அல்லது கணவருக்குப் பின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும், வரம்புகளுக்குட்பட்டு மணமாகாத மகளுக்கும் விதவை மகளுக்கும், சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் குடும்ப ஓய்வூதியம் போகும்.

‘பழைய ஓய்வூதியம்’ என்று ஒரு வேட்பாளர் வாயெடுத்தால் இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பெயர். இதில் எதை விட்டுவிட்டு எதைத் தருகிறார் என்பதே கேள்வி. பெரும்பாலான உரைகளில் பாதிச் சம்பளம் வரும். அந்த 80 வயதுக் கூடுதலோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ வராது.

யு.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது

2024 ஆகஸ்ட் 24 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரி 24 அன்று அறிவிக்கை வந்தது, ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பங்களிப்பு முறையிலான தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் (என்.பி.எஸ்.) இருந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு இது ஒரு விருப்பத் தேர்வாகத் தரப்பட்டது. தேர்வு செய்யும் கெடு 2025 ஜூன் 30 என்று தொடங்கி, செப்டம்பர் 30, நவம்பர் 30 என்று இரண்டு முறை தள்ளிப்போனது. நல்ல சரக்கென்றால் கெடுவை இப்படித் தள்ளிப் போட வேண்டி வருமா என்று கேட்பவர்கள் உண்டு. விதிகள் முழுமையாகத் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்தான்.

பணியாளர் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் கட்டுகிறார். அரசு அவர் கணக்கில் 10 சதவீதம் போடுகிறது. கூடவே பொதுத் தொகுப்பு நிதி ஒன்றுக்கு 8.5 சதவீதம். அந்த 8.5 உங்கள் பெயரில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் ‘அரசு 18.5 சதவீதம் தருகிறது’ என்று சொல்வார்கள். கணக்குப்படி சரி. ஆனால் உங்கள் தனிக் கணக்கில் சேர்வது 20 சதவீதம் மட்டுமே. என்.பி.எஸ்.-இல் அரசின் பங்கு 14 சதவீதம் என்பதால் அங்கே 24 சேரும்.

ஓய்வூதியக் கணக்கு இப்படி: கடைசி 12 மாத அடிப்படை ஊதியத்தின் சராசரியில் பாதி. அதைப் பணி மாதங்களை 300-ஆல் வகுத்த விகிதத்தால் பெருக்க வேண்டும். 300-க்கு மேல் போனாலும் விகிதம் ஒன்றுதான். பிறகு உங்கள் தனிக் கணக்கில் உள்ள நிதியை ‘அளவுகோல் நிதி’யால் வகுத்து, அந்த விகிதத்தாலும் பெருக்க வேண்டும். இதுவும் ஒன்றைத் தாண்டாது.

எண் போட்டுப் பார்க்கலாம். சராசரி அடிப்படை ஊதியம் ரூ.80,000, பணி 25 ஆண்டு, நிதி விகிதம் ஒன்று. ஓய்வூதியம் ரூ.40,000, மேலே அகவிலை நிவாரணம். பணி 20 ஆண்டு என்றால் 240-ஐ 300-ஆல் வகுக்க 0.8, கையில் ரூ.32,000. பழைய திட்டத்தில் இதே 20 ஆண்டுக்காரருக்கு முழுப் பாதி. 35 வயதைத் தாண்டி அரசுப் பணிக்கு வந்தவர்களை யு.பி.எஸ். அடிப்பது இங்கேதான். 38 வயதில் சேர்ந்து 60-இல் ஓய்வு பெறுபவருக்கு 22 ஆண்டுதான் தேறும்.

12 மாதச் சராசரி என்பதிலும் ஒரு நுணுக்கம். கடைசி ஆறு மாதத்தில் பதவி உயர்வு வந்து அடிப்படை ஊதியம் 76,000-லிருந்து 80,000 ஆனதென்று வையுங்கள். பழைய திட்டத்தில் 80,000-இல் பாதி. இங்கே சராசரி 78,000, பாதி 39,000. ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். அகவிலை நிவாரணமும் அந்த ஆயிரத்தின் மேல்தான் ஏறும், ஆயுள் முழுக்க.

சிக்கும் இடம்: அளவுகோல் நிதி

இந்தத் திட்டத்தின் உண்மையான நிபந்தனை இது. மேடையில் இது பற்றி ஒரு சொல் வராது. ஒவ்வொரு மாதமும் பங்களிப்பு தவறாமல் வரவாகி, அரசு வகுத்த இயல்பு முதலீட்டு முறையிலேயே பணம் இருந்து, நடுவில் எடுத்ததும் திருப்பிக் கட்டப்பட்டிருந்தால் கணக்கில் எவ்வளவு இருக்குமோ, அதுதான் அளவுகோல் நிதி. நிஜக் கணக்கில் இருப்பது அதைவிடக் குறைவென்றால் ஓய்வூதியமும் அதே விகிதத்தில் குறையும். நிதி 90 சதவீதம்தான் இருக்கிறதென்றால் 40,000 என்பது 36,000 ஆகிவிடும். ‘உறுதி’ என்ற சொல்லுக்கு அடியில் இருக்கிற சிறிய எழுத்து இதுதான்.

குறைவு எங்கிருந்து வரும்? முதல் வழி, வராத வரவுகள். பணியில் சேர்ந்து பிரான் (நிரந்தர ஓய்வூதியக் கணக்கு) எண் கிடைக்கத் தாமதமான மாதங்கள், அயல்பணியில் இருந்த காலம், இடமாறுதலில் சம்பளப் பட்டியல் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போன மாதம். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டும். கணக்கில் யூனிட்டாக ஏறியிருக்காது. இரண்டையும் மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது, நீங்களே தேர்ந்தெடுத்த முதலீட்டு முறை. இயல்பு முறையைவிட வருவாய் குறைந்தால் அந்த இழப்பு உங்களுடையது. கூடினால்? அளவுகோலுக்கு மேல் உள்ள தொகை உங்கள் கைக்கே வரும். அந்த மட்டில் நியாயம். மூன்றாவது, வீடு, கல்யாணம், படிப்பு, வைத்தியம் என்று பகுதித் தொகை எடுப்பது. மூன்று முறைவரை, சொந்தப் பங்களிப்பில் 25 சதவீதம்வரை எடுக்கலாம். திருப்பிக் கட்டாவிட்டால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை, அலுப்பு மட்டும்தான். பிரான் எண்ணால், இந்தக் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவேட்டு முகமையின் தளத்தில் நுழைந்து, பணியில் சேர்ந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு நிதியாண்டின் பரிவர்த்தனை அறிக்கையையும் இறக்குங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு வரவு இருக்கிறதா, பணியாளர் பங்கு, அரசுப் பங்கு இரண்டும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். விடுபட்ட மாதத்தைச் சம்பளச் சீட்டோடு சேர்த்துச் சம்பளம் போடும் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, வரவானதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது தொடங்கினால் போதாது. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய சம்பளப் பட்டியலை எந்த அலுவலகத்திலும் ஒரு வாரத்தில் எடுத்துத் தர மாட்டார்கள். அப்படியும் பள்ளம் மிச்சமிருந்தால், ஓய்வு பெறும் நேரத்தில் சொந்தப் பணம் போட்டு நிரப்பவும் விதியில் இடமிருக்கிறது.

அறுபது சதவீதத்தை எடுப்பதா?

ஓய்வு பெறும்போது தனிக் கணக்கு நிதியில் 60 சதவீதம்வரை மொத்தமாக எடுக்கலாம். எடுத்த விகிதத்துக்கு ஓய்வூதியமும் குறையும். 60 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 36 லட்சம் கைக்கு வரும், ரூ.40,000 ஓய்வூதியம் 16,000 ஆகிவிடும். விட்டுக்கொடுத்தது மாதம் 24,000, ஆண்டுக்கு 2,88,000. 36 லட்சத்துக்கு அது 8 சதவீதம், அதுவும் அகவிலை நிவாரணத்தோடு ஆண்டுதோறும் ஏறும் 8 சதவீதம். இதே எண்கள் என்றால், மகள் கல்யாணம், வீட்டுக் கடன் என்ற அவசரம் இல்லாதவர் எடுக்காமல் விடுவதே லாபம். இன்னொன்று: எடுத்தவருக்கு, யு.பி.எஸ். தரும் மாதம் பத்தாயிரம் ரூபாய்க் குறைந்தபட்ச உறுதியும் பொருந்தாது.

எடுக்காமல் விட்டால் அந்த நிதி என்ன ஆகும்? பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். நீங்கள் இருக்கும்வரை உங்களுக்கு, பிறகு வாழ்க்கைத் துணைக்கு 60 சதவீதம், அதன்பின் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. துணை என்பது ஓய்வு பெறும் தேதியில் சட்டப்படி மணம் முடித்திருந்தவர் மட்டுமே. பிற்பாடு செய்த மறுமணம் கணக்கில் வராது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இந்தத் திட்டத்தின் மிகப்பெரிய ஓட்டை இது.

ஈடாக ஒரு மொத்தத் தொகை தருகிறார்கள். முடித்த ஒவ்வொரு ஆறு மாதப் பணிக்கும், ஓய்வுநாளின் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த மாத ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து 1,20,000 என்றால், 25 ஆண்டுக்கு 50 அரையாண்டு, ஆக ரூ.6 லட்சம். இதனால் ஓய்வூதியம் குறையாது. பணிக்கொடை தனி.

விருப்ப ஓய்வு பெற நினைப்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 25 ஆண்டு முடித்தபின்தான் விருப்ப ஓய்வுக்கு முழு உறுதித் தொகை உண்டு; 20 ஆண்டு முடித்து வெளியே வந்தால் பணிக்காலத்துக்கேற்ற விகிதத்தில்தான். அதுவும் உடனே வராது. வேலையில் தொடர்ந்திருந்தால் எந்தத் தேதியில் வயது முதிர்வு ஓய்வோ அன்றிலிருந்துதான். 52 வயதில் வெளியே வந்தவர் 60 வரை வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். ராஜினாமா செய்தவருக்கும் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கும் உறுதித் தொகை கிடையாது.

என்.பி.எஸ்.-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

யு.பி.எஸ்.-இல் 60 லட்சம் சேர்ந்த அதே பணிக்காலத்துக்கு, அதே வருவாய் என்றால், 20-க்கு 24 என்ற விகிதத்தில் என்.பி.எஸ்.-இல் 72 லட்சம் சேரும். 40 சதவீதம் கட்டாய ஆன்யுட்டி, அதாவது மாத வருவாய்க்காகக் காப்பீட்டு நிறுவனத்திடம் போடும் தொகை: 28.8 லட்சம். ஆன்யுட்டி விகிதம் 6.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் ரூ.15,600. கையில் 43.2 லட்சம். அந்த 15,600 ஆயுள் முழுக்க அதேதான், அகவிலை கிடையாது. ஆனால் போட்ட முதல்தொகை திரும்பும் வகை ஆன்யுட்டி எடுத்தால் 28.8 லட்சமும் கடைசியில் பிள்ளைகளுக்கு வரும். நீண்ட ஆயுள் உள்ள குடும்பம், வயதில் இளைய துணை, பணம் கையாளப் பழக்கமில்லை என்றால் யு.பி.எஸ். நல்லது. பணி 15 ஆண்டுக்குள், துணையும் நல்ல ஓய்வூதியக்காரர், சொத்து பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்றால் என்.பி.எஸ். நல்லது. யு.பி.எஸ். எடுத்துவிட்டு மனம் மாறினால் ஒரே ஒரு முறை என்.பி.எஸ்.-க்குத் திரும்பலாம், வயது முதிர்வு ஓய்வுக்கு ஓராண்டுக்கு முன்பே, விருப்ப ஓய்வென்றால் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டுக் கணக்கு தனி

மேலே சொன்ன எதுவும் தமிழ்நாடு அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் நேராகப் பொருந்தாது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். பத்து சதவீதம் பிடித்தம், அரசு அதே அளவு. என்.பி.எஸ்.-ஐ நடத்தும் மத்திய ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் மாநிலம் சேரவே இல்லை. சி.பி.எஸ்.-இல் ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையும் வட்டியும் வரும், மாத ஓய்வூதியம் வராது. பழைய திட்டத்தை மீட்பது 2021 தேர்தலில் தி.மு.க.வின் வாக்குறுதி. 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைத்தார்கள். 2026 ஜனவரி 3 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தது பழைய திட்டம் அல்ல, தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்: கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி, பணியாளர் 10 சதவீதப் பங்களிப்பு தொடரும், ஆண்டுக்கு இருமுறை அகவிலை உயர்வு, குடும்பத்துக்கு 60 சதவீதம், பணிக்கொடை 25 லட்சம்வரை.

யு.பி.எஸ்.-ஐவிட இது தேறும் இடம், 12 மாதச் சராசரிக்குப் பதில் கடைசி ஊதியம் என்பது. பழையதைவிடக் குறையும் இடம், அந்தப் பத்து சதவீதப் பிடித்தம். வாக்குறுதி நிறைவேறியதா இல்லையா என்று இரு தரப்பும் அடித்துக்கொள்வதற்குக் காரணமும் இதே வேறுபாடுதான். இதை ஆதரித்தோ எதிர்த்தோ வாக்குக் கேட்பவரிடம் கேட்க வேண்டியது: முழுப் பாதிக்கு எத்தனை ஆண்டுப் பணி, சி.பி.எஸ்.-இல் ஏற்கெனவே சேர்ந்த பணம் யாருக்கு, அதை முன்பே வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர்கள் நிலை என்ன.

பழையதற்குத் திரும்புவதாக அறிவித்த மாநிலங்களும் உண்டு. ராஜஸ்தான் 2022-இல் அறிவித்தது. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் பின்தொடர்ந்தன. அங்கே முட்டிய இடம், என்.பி.எஸ்.-இல் சேர்ந்த பணம். அதை மாநிலத்துக்குத் திருப்பித் தரச் சட்டத்தில் வழியில்லை என்று மத்திய அரசு மறுத்துவிட்டது. தமிழ்நாட்டில் அந்த முட்டுக்கட்டை இல்லை. பணம் எங்கிருந்து என்ற கேள்வி மட்டும் மற்ற மாநிலங்களைப் போலவே இங்கேயும் நிற்கிறது. ‘பழைய ஓய்வூதியம்’ என்பவரிடம் இதற்குப் பதில் இல்லையென்றால், அந்த வாக்குறுதி அரைவேக்காடு.

அரசு வேலை பார்க்காதவர்களுக்கு?

இந்த ஐம்பது சதவீதச் சண்டை முழுக்க அரசு ஊழியர்களைப் பற்றியது. தனியார் நிறுவனத்தில் பி.எஃப். பிடித்தவருக்குக் கிடைப்பது இ.பி.எஸ்.-95 என்கிற ஊழியர் ஓய்வூதியத் திட்டம். கணக்கு எளிது: ஓய்வூதிய ஊதியத்தைப் பணி ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 6,500-லிருந்து 15,000 ஆனது. அதற்கு முந்தைய பணிக்குப் பழைய வரம்பே பொருந்தும். முன்னே பத்தாண்டு, பின்னே பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு 929-உம் 2,143-உம் சேர்த்துச் சுமார் 3,070. இருபதாண்டு முடித்தவருக்கு உண்டான இரண்டாண்டு போனஸ் இதற்கு மேல். 58 வயதுக்கு முன்பே வாங்கினால் ஆண்டுக்கு 4 சதவீதம் குறையும். அகவிலை நிவாரணம் கிடையாது. முதல் மாதம் வந்ததே கடைசிவரை. குறைந்தபட்சம் ரூ.1,000 என்று 2014-இல் வைத்தார்கள். 7,500 வேண்டும் என்பது ஓய்வூதியர்களின் நெடுநாள் கோரிக்கை.

இதை மாற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான். சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் இ.பி.எஸ். ஓய்வூதியத்தை உயர்த்துவேன் என்றால் அவர் கையில் இல்லாததை வாக்களிக்கிறார். அதேபோல மக்களவை வேட்பாளர் மாநில ஊழியர் ஓய்வூதியம் பற்றிப் பேசினால், கடிதம் எழுதுவதைத் தாண்டி அவரால் ஆவது கொஞ்சம்தான்.

முதியோர் உதவித்தொகையில் மட்டும் இருவருக்கும் பங்குண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 60 முதல் 79 வயதுவரையானவருக்கு மத்தியப் பங்கு ரூ.200, 80-க்கு மேல் ரூ.500. மற்றதை மாநிலம் போடுகிறது. தமிழ்நாட்டில் மொத்தத் தொகை 2023-இல் 1,000-லிருந்து 1,200 ஆனது. ‘நாங்கள் தருகிறோம்’ என்று மேடையில் யார் சொன்னாலும், அந்த 200-ஐ உயர்த்துவீர்களா என்று மக்களவை வேட்பாளரிடமும், தகுதியிருந்தும் காத்திருப்பில் கிடக்கும் மனுக்களை எப்போது தீர்ப்பீர்கள் என்று சட்டமன்ற வேட்பாளரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.